இரை எடுத்த பாம்பைச் சும்மா விடுங்கள்

கல்யாணத்துக்கு மறுநாள் சொதி விருந்து முடிந்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, திண்ணையில் கொஞ்சம் ஒருக்களித்துவிட்டால் போதும். "இரை எடுத்த மலைப்பாம்பு மாதிரி கிடக்காவ பாரு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்துவிடும். திருநெல்வேலிச் சீமையில் வாழ்க்கைப்பட்ட எந்த ஆண்பிள்ளையும் இந்தப் பட்டத்துக்குத் தப்பியதில்லை. எனக்கும் பல தடவை கிடைத்திருக்கிறது.

என்னைச் சொன்னால் சரி, வாங்கிக்கொள்கிறேன். மலைப்பாம்பைச் சொல்வதுதான் அநியாயம். இரையை விழுங்கிவிட்டு அசையாமல் கிடக்கிற மலைப்பாம்பு அந்த நேரத்தில் செய்கிற வேலையை நம்மில் ஒருவனாலும் செய்யமுடியாது. அந்த வேலைக்கு அதற்கு வேண்டியவை இரண்டே இரண்டு. உடம்பில் ஏறுகிற சூடு ஒன்று. யாரும் தொடாமல் விடுகிற ஒரு வாரம் இன்னொன்று. தாமிரபரணிக் கரையில் நாம் இந்த இரண்டையும் அதற்குக் கொடுப்பதில்லை. கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி கடைசியில், சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு நண்பரின் வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நாலு நாள் மழை பெய்து அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு மலைப்பாம்பு, எட்டடி இருக்கும், வெயில் விழுகிற திட்டாகப் பார்த்துப் படுத்திருந்தது. நடு வயிறு ஒரு குடம் அளவுக்குப் புடைத்திருந்தது. அந்தப் பக்கம் வெள்ளாடு மேய்க்கிற ஒரு அம்மாவுக்கு முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு குட்டியைக் காணவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

அரைமணி நேரத்தில் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு செல்போன். "ஏல, வாலைப் பிடிச்சு இழுல, நகருதான்னு பாப்பம்" என்று ஒருவன். பாம்பு நகரப் பார்த்தது, முடியவில்லை. பிறகு ஐந்தாறு பையன்கள் சேர்ந்து அதைத் தூக்கினார்கள். வயிற்றுக்கு அடியில் இரண்டு பேர் கை கொடுத்து, வரிசையாக நின்று, படம் எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "பாண்டிச்சேரி சார் பயப்படுதாவ" என்று சிரித்தார்கள். கீழே விட்ட கொஞ்ச நேரத்தில் பாம்பு வாயைப் பிளந்தது. உடம்பு முழுக்க ஒரு முறுக்கு முறுக்கி, போன வழியே அந்தக் குட்டியை வெளியே தள்ளியது. மயிர் எல்லாம் நனைந்து ஒட்டிப்போய், அடையாளம் தெரிகிற நிலையில் குட்டி. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சாயங்காலம் ஆட்கள் வந்து பாம்பைச் சாக்கில் போட்டு மலைப்பக்கம் கொண்டு போனார்கள்.

குட்டி போனது போனதுதான். பாம்புக்கும் அது உணவாகவில்லை. பசியோடு இருக்கிற பாம்பு அடுத்து என்ன செய்யும்? இன்னொரு குட்டியைத் தேடும். அன்றைக்கு நடந்ததில் லாபம் அடைந்தது அந்த செல்போன்கள் மட்டும்தான்.

நமக்கு உடம்புச் சூடு உள்ளேயே உண்டாகிறது. சாப்பிட்ட சாப்பாட்டில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அதனால்தான் மூன்று வேளையும் இலை போடவேண்டியிருக்கிறது. பாம்புக்கு அந்த உலை கிடையாது. சுற்றியிருக்கிற தரை, காற்று, வெயில் எந்தச் சூட்டில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே சூட்டில்தான் அதன் உடம்பும் இருக்கும். அதனால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க அதனால் முடிகிறது. பட்டினி கிடக்கிற காலத்தில் மலைப்பாம்பின் குடல் சுருங்கி மெலிந்து கிடக்கும். இரைப்பையில் அமிலம்கூட அநேகமாக இருக்காது. ஆளில்லாத அலுவலகத்தில் விளக்கையும் விசிறியையும் நிறுத்திவைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரை உள்ளே போனதும் எல்லாம் ஒரேயடியாக விழித்துக்கொள்கிறது. ஒரே நாளில் இரைப்பையில் கடுமையான அமிலம் ஊறிவிடுகிறது. குடலின் எடை இரண்டு பங்காகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. இதயம்கூட 48 மணி நேரத்தில் 40 சதவீதம் வளர்கிறது என்று 2005-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வீங்குவதில்லை, புதிதாகத் தசையே வளர்கிறது. அதற்கு முன்பே, 1998-இல், அமெரிக்காவில் ஸ்டீபன் சீக்கோரும் ஜாரெட் டயமண்டும் பர்மிய மலைப்பாம்புகளை வைத்து அளந்து பார்த்திருந்தார்கள். நம் மலைப்பாம்புக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. தன் எடைக்குச் சமமான பெரிய இரையை விழுங்கிய பாம்பு ஓய்வில் இருக்கும்போது இழுக்கிற பிராணவாயுவைப்போல் 44 மடங்கு வரை இழுக்கிறதாம். பந்தயக் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது இழுக்கிற அளவுக்கு அது ஒப்பாகும். குதிரை அந்த ஓட்டத்தைச் சில நிமிஷம் ஓடும். பாம்போ படுத்தபடியே நாள்கணக்கில் ஓடுகிறது. இனிமேல் யாராவது என்னைத் திண்ணையில் பார்த்து அந்தப் பழமொழியைச் சொன்னால் நன்றி சொல்வதாக இருக்கிறேன்.

இந்த ஓட்டத்துக்கான கட்டைவிரல் சூட்டின் கையில் இருக்கிறது. அமிலமும் செரிப்பு நீர்களும் வேலை செய்கிற வேகம் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரியில், எலி போன்ற நடுத்தர இரை ஒரு வாரம் போல எடுத்துக்கொள்ளும். 20 டிகிரிக்கு இறங்கினால் நாள் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். இன்னும் குளிர்ந்தால் வேலை ஏறக்குறைய நின்றே போகும். ஆனால் உள்ளே இருக்கிற இரை காத்திருக்காது. வெளியிலிருந்து அமிலம் கரைப்பதற்குள் அது உள்ளுக்குள்ளேயே அழுக ஆரம்பிக்கும். அழுகலை வைத்துக்கொண்டிருந்தால் பாம்பே செத்துப்போகும். அதனால் கக்கிவிடுகிறது. இரை எடுத்த பிறகு பல வகைப் பாம்புகள் வழக்கத்தைவிடச் சூடான இடமாகத் தேடிப் போய்ப் படுப்பது இதற்காகத்தான். வாய்க்கால் கரையில் அந்தப் பாம்பு வெயில் திட்டைத் தேடி வந்து கிடந்ததும் அதற்காகவே. நம் பையன்கள் அது தங்களுக்குக் காட்சி கொடுக்க வந்ததாக நினைத்துவிட்டார்கள்.

கக்குவதற்கு இன்னொரு காரணம் பயம். வயிற்றில் பாரத்தோடு ஓடமுடியாது. எதிரி வந்துவிட்டான் என்று தோன்றினால் பாரத்தை இறக்கிவிட்டு ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த வழி. ஊறிய அமிலமும் கூடவே மேலே வருவதால் தொண்டைக்குழல் புண்ணாகும். பாம்பு வளர்க்கிற விலங்குக்காட்சி சாலைகளில், கக்கிய பாம்புக்கு இரண்டு வாரம் போல இரையே காட்டமாட்டார்கள். மேலே சொன்ன அத்தனை உறுப்பு வளர்ச்சிக்கும் பாம்பு முதலில் தன் கையிருப்பிலிருந்துதான் செலவு செய்கிறது. இரை செரித்தால் வரவு. கக்கினால் முழுக்க நஷ்டம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பு திருநெல்வேலி அரசு அலுவலகத்தில் ஒரு நாளும் உதவவில்லை. இந்த விஷயத்தில் உதவுகிறது. செந்தெக்சுபெரி எழுதிய 'குட்டி இளவரசன்' புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், தமிழிலும் வந்திருக்கிறது. யானையை விழுங்கிய பாம்பை ஒரு சிறுவன் வரைகிறான். பெரியவர்கள் அதைத் தொப்பி என்கிறார்கள். அந்தப் பாம்பு இரையை மெல்லாமல் விழுங்கிவிட்டு ஆறு மாதம் தூங்கிச் செரிக்கும் என்று அவன் படித்த புத்தகத்தில் இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் அந்த ஆறு மாதத்தை நம்பினோம். ஆறு மாதம் இல்லை, ஆறேழு நாள்தான் என்று இப்போது தெரிகிறது. ஆறு மாதம் காத்திருங்கள் என்று யாரும் வாழைத்தோட்டக்காரரிடம் கேட்கமுடியாது. ஒரு வாரம் கேட்கலாம் அல்லவா?

இன்னொரு பிரெஞ்சுக் கதையும் உண்டு, இதையும் சொல்லிவிடுகிறேன். லாமார் பிக்கோ என்று ஒருவர் 1830-களில் இந்தியாவிலிருந்து பாரிஸ் திரும்பி, பெண் மலைப்பாம்பு கோழிபோல முட்டைமேல் சுற்றிப் படுத்துச் சூடு கொடுக்கிறது என்று அறிவியல் கழகத்தில் சொன்னார். குளிர்ந்த ரத்தப் பிராணி எப்படிச் சூடு கொடுக்கும் என்று பெரியவர்கள் தள்ளிவிட்டார்கள். 1841-இல் பாரிஸ் தாவரவியல் தோட்டத்தின் விலங்குக் கூடத்தில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. வலான்சியேன் என்ற பேராசிரியர் சுருளுக்குள் வெப்பமானியை வைத்து அளந்தார். சுற்றுப்புறத்தைவிடச் சூடு அதிகமாகவே இருந்தது. தசைகளைத் துடிக்கவைத்துத் துடிக்கவைத்து அந்தத் தாய் சூட்டை உண்டாக்குகிறது. தனக்கென்று உலை இல்லாத பிராணி, பிள்ளைகளுக்காக மட்டும் ஒன்றை மூட்டிக்கொள்கிறது. நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இதைப் படப்பிலும் பாறை இடுக்கிலும் பார்த்திருப்பார்களோ, எந்தக் கழகமும் அவர்களைக் கேட்டதில்லை.

சூட்டைத் தேடுவதில் பாம்புக்குத் தாமிரபரணிச் சமவெளி வசதியான இடம். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றோரப் பாறை, வரப்பு, கால்வாய்க் கரைக் கற்கட்டு, வைக்கோல் படப்பு, எருக்குழி என்று எல்லாமே அதற்குச் சூட்டு மேடைகள். சித்திரை, வைகாசியில் பிரச்சினை தலைகீழ். 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் கிடந்தால் பாம்பு செத்துப்போகும், வேர்த்து ஆற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. அப்போது புற்றுக்குள் போகிறது. கரையான் தனக்காகக் கட்டிய புற்றின் உள்ளே சூடும் ஈரமும் வெளியே போல ஏறி இறங்குவதில்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று நாம் பாம்பை ஆக்கிரமிப்பாளர் ஆக்கிவிட்டோம்.

சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர்க்காரர்கள் நாம். என் மனைவியும் இட்டுக்கொள்வாள், எனக்கும் இடுவாள், மறுத்ததில்லை. ஆனால் புற்றில் பாலை ஊற்றுவதுபற்றி ஒன்று சொல்லவேண்டும். பால், பாலூட்டிகளின் குட்டிக்கு ஏற்பட்ட உணவு. பாம்பின் வயிற்றில் அதைச் செரிக்க ஏற்பாடு இல்லை. வட இந்தியாவில் நாகபஞ்சமிக்குப் பாம்பு பால் குடிப்பதாகக் காட்டுகிறவர்கள், பல நாள் தண்ணீர் காட்டாமல் அதை வறட்டிவிட்டுப் பிறகு கிண்ணத்தை நீட்டுகிறார்கள். தாகத்தில் எதையும் குடிக்கும். பக்தி இருக்கிறவர்கள் புற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள், பங்குனி வெயிலில் பறவைக்கும் ஆகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கப்போவதில்லை. வெள்ளம் வடிந்த வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் தண்ணீர்ப் பாம்பு, இன்னொரு வீட்டில் சலவை இயந்திரத்துக்கு அடியில் சாரைப்பாம்பு. இரண்டையும் அடித்துக் கொன்றார்கள். இரண்டுக்குமே விஷம் கிடையாது. அந்தச் சாரை ஓடக்கூட முயலவில்லையாம், "திமிரா கிடந்தது சார்" என்றார் அடித்தவர். நாலு நாள் வெயிலே இல்லாமல், நனைந்து குளிர்ந்து, வயிற்றில் பாதி செரித்த எலியோடு, காய்ந்த தரை தேடி வந்த பிராணிக்குத் திமிர் எங்கிருந்து வரும்?

இனி வீட்டில் வளர்க்கிற பாம்பு. சிரிக்காதீர்கள், நம் பேரன் பேத்திகள் காலத்தில் இது வந்துவிட்டது. சென்னையில் எனக்கு உறவுமுறையில் ஒரு பையன், கணினி வேலை, அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் 'பால் பைத்தான்' வைத்திருக்கிறான். பெயரைக் கேட்டதும் என் மனைவி, "பால் குடிக்குமா?" என்றாள். பந்துபோலச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலக்காரன் வைத்த பெயர். மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பக்கத்துப் பாம்பு, சாது. வாங்கிய இரண்டாம் மாதத்திலிருந்து, சுண்டெலி கொடுத்தால் மூன்றாம் நாள் கக்குகிறது என்று பையன் புலம்பினான். எலியை மாற்றினான், கடையை மாற்றினான். நான் கேட்டது ஒரே கேள்வி: ராத்திரி ஏசியை எத்தனையில் வைக்கிறாய்? 22-இல். அவன் போர்வைக்குள். பாம்பு பெட்டிக்குள்.

அந்த இனத்துக்குப் பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி, மறுமுனை 25, 26 டிகிரி என்று இருக்கவேண்டும். வயிறு நிறைந்தபோது சூட்டுக்கும், போதும் என்றபோது குளிர்ச்சிக்கும் அது தானே நகர்ந்துகொள்ளும். ஒரே சூட்டில் வைத்தாலும் தவறு, தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பறித்ததாகும். இரை கொடுத்த பிறகு இரண்டு நாளாவது கையில் எடுக்கக்கூடாது. இவன் ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கழுத்தில் போட்டுப் படம் பிடித்திருக்கிறான். சேரன்மகாதேவிப் பையன்களுக்கும் சென்னைப் பையனுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். சம்பளம்தான்.

அவனுக்கு நான் சொன்ன யோசனை, அடுத்த பாம்பு வாங்காதே என்பது. இப்படி விற்கிற பாம்புகள் எப்படி வருகின்றன? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்புகள். அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், அதே கோலாலம்பூரிலிருந்து வந்த பெட்டியில் 47 மலைப்பாம்புகள். சரக்குப் பெட்டிக்குள் சூடு ஏது, குளிர்ச்சி ஏது? பிடிபட்டவை இத்தனை என்றால் பிடிபடாதவை கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று 2024-இல் விதியே வந்திருக்கிறது. நம் நாட்டுப் பாம்பு என்றால் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாமும் அங்கேயே சேர்ந்துவிட்டன. பிடித்து வைத்தால் 3 வருஷத்துக்குக் குறையாமல், 7 வருஷம் வரை சிறை. 'மண்ணுளிப் பாம்பு வைத்திருந்தால் கோடீஸ்வரன்' என்று நம்பி ஏமாறுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு இரண்டு தலையும் கிடையாது, கோடியும் கிடையாது.

பாம்பை மனிதன் வைத்திருப்பதில் எனக்கு மரியாதை உள்ள இடம் ஒன்றுதான். மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பாம்பை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். மண்பானை நம் வீட்டுத் தண்ணீருக்குச் செய்வதையே பாம்புக்கும் செய்கிறது, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தணிவாக இருக்கும். மூன்று நாலு வாரத்தில் நாலு தடவை போல விஷம் எடுத்துக்கொண்டு திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் போடுகிற மருந்து உருவாகிறது. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். படிப்பு இல்லாதவர்கள் என்று எழுதினார்கள் சில பத்திரிகைகளில். பாம்புக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்பதைப் பானையால் கற்றவர்களைப் படிப்பு இல்லாதவர்கள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"சரி சார், பாம்பு கிடக்கு, ஒரு வாரம் விடுங்கன்னு சொல்லுதீங்க. பிள்ளைகுட்டி இருக்கிற இடத்தில?" என்று என் நண்பரே கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக்குள், பள்ளிக்கூடத்தில், மாட்டுத் தொழுவத்தில் இருந்தால் காத்திருக்க முடியாது. தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ உடனே சொல்லத்தான் வேண்டும். விஷப் பாம்பு என்றால் இரை எடுத்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். இரை எடுத்த பாம்பு கடித்தால் விஷம் ஏறாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், சுத்தப் பொய். ஒரு எலிக்குச் செலவழித்ததுபோகப் பையில் நிறையவே மிச்சம் இருக்கும். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நேரே ஆஸ்பத்திரி.

நான் கேட்பது தோட்டத்தில், கால்வாய்க் கரையில், புறம்போக்கில் வயிறு புடைத்துக் கிடக்கிற மலைப்பாம்பைப் பற்றி. அது யாரையும் துரத்தப்போவதில்லை. இன்னும் பத்து நாளைக்கு ஆட்டுக்குட்டி பக்கம் திரும்பியும் பார்க்காது. ஊரிலேயே அப்போதைக்கு ஆபத்தில்லாத மலைப்பாம்பு அதுதான்.

முப்பத்தைந்து வருஷம் குறிப்பு எழுதிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சுற்றறிக்கை ஒன்றை நான் வரைவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: கூட்டத்தை ஐம்பதடி தள்ளி நிறுத்தவும். ஆடு கோழிகளை ஒரு வாரம் வேறு பக்கம் ஓட்டவும். பிடித்தே தீரவேண்டுமானால் சாயங்காலத்தில், படமெடுக்காமல், வயிற்றை அழுத்தாமல், பாம்பு முழுக்கப் படுக்கிற அகலமான பெட்டியில் எடுக்கவும், சாக்கில் மடக்கவேண்டாம். விடுகிற இடம் கிட்டத்தில் இருக்கட்டும். வெயில் விழுகிற, எலி உள்ள, ஒளிந்துகொள்ள இடுக்கு உள்ள ஆற்றோரப் புதர் போதும். முக்கியமாக, மலையேற்றிக் கொண்டுபோக வேண்டாம். சமவெளிச் சூட்டுக்குப் பழகின பாம்பை இரை வயிற்றோடு மார்கழியில் மாஞ்சோலைக் குளிரில் இறக்கிவிட்டால், அது விடுதலை அல்ல. கர்நாடகத்தில் ஆகும்பே பக்கம் ராஜநாகங்களுக்கு ரேடியோ பொருத்திப் பார்த்தபோது, இடம் மாற்றி விடப்பட்ட பாம்பு இருப்புக்கொள்ளாமல் நெடுந்தொலைவு அலைந்திருக்கிறது. தன் ஊரில் எந்தக் கல் எத்தனை மணிக்குச் சூடாகும் என்று அதற்குத் தெரியும். புது இடத்தில் தெரியாது.

கடைசிப் பத்தியாக இதையும் சேர்ப்பேன்: குட்டியை இழந்தவருக்கு, அலையவிடாமல், அந்த வாரத்திலேயே பணம். பஞ்சாயத்துத் தலைவர் எழுதிக்கொடுக்கிற ஒரு கடிதம் போதும் என்று இருக்கவேண்டும். வெள்ளாட்டுக் குட்டி சந்தையில் என்ன விலை போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குக் குழு எல்லாம் வேண்டாம். பாம்பு செரித்து முடிக்கட்டும் என்று அந்த அம்மாவிடம் பொறுமை கேட்பதற்கு முன்னால் அவருடைய அடுப்பு எரியவேண்டும். பணம் கைக்கு வந்துவிட்டால், அந்த எட்டு நாளும் பாம்புக்குக் காவல் இருக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. கம்போடு தினமும் அந்தப் பக்கம்தான் போய்வருகிறார்.